பாவாடையை இழுத்துவிடு

என் மகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளுடைய முதல் நடனம். மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு சினிமாப் பாட்டு. அதற்கு ஒன்றரை மாதம் ஒத்திகை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சுற்றுச் சுற்றி அவள் நின்றபோது பாவாடை சற்று மேலேறியிருந்தது. என்னை அறியாமல் என் கை, புடவையை முழங்கால் அருகே பிடித்துக் கீழே இழுத்துக் காட்டியது. கூட்டத்தில் என் முகத்தையே தேடிக்கொண்டிருந்த குழந்தை அதைப் பார்த்துவிட்டாள். ஆடுவதை நிறுத்தினாள். குனிந்து பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது உடன் ஆடிய ஏழு பேரும் அடுத்த அடிக்குப் போயிருந்தார்கள்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, "பரவாயில்லீங்க, பாப்பா வெவரமா இருக்கா" என்று பாராட்டவும் செய்தார். ஆறு வயதுக் குழந்தை ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடையைக் கவனித்ததைத்தான் அவர் விவரம் என்றார். அந்த விவரத்தைக் கற்றுக்கொடுத்தது சினிமாவோ பள்ளியோ இல்லை, இப்படிப்பட்ட கட்டுரைகள் எழுதுகிற நான்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பள்ளி ஆண்டு விழா நடனங்களைப் பற்றி நம்மிடம் ஒரு விமர்சனம் தயாராக இருக்கிறது. குழந்தைகளைப் பொருள் புரியாத இரட்டை அர்த்தப் பாட்டுக்கு ஆட வைக்கிறார்கள், குத்துப்பாட்டைத் தடை செய்ய வேண்டும், அதற்குப் பதில் பரதமோ கும்மியோ சொல்லிக்கொடுக்கலாம் என்று நாம் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த விமர்சனம் எழுப்புகிற கேள்வி, 'இந்த ஆட்டம் ஒழுக்கமானதா?' என்பது. நான் மேடைக்குக் கீழே இருந்து காட்டிய சைகையும் அதே கேள்விதான். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது என்பதுதான் என் கவலை.

முதலில் அந்த மேடையைக் கொஞ்சம் பார்ப்போம். எங்கள் புவனகிரி போன்ற சிற்றூரில் தனியார் பள்ளியின் ஆண்டு விழா என்பது ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த நிலை. அரைக்கால் சட்டை வயதுப் பையன்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பொம்மைத் துப்பாக்கியுடன், கதாநாயகனின் அறிமுகப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். அவர்களுடைய அசைவுகள் வெளியே போகின்றன: கையை வீசுவது, காலை உதைப்பது, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பது. பெண் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் அசைவுகள் உடம்போடு ஒட்டியவை. கன்னத்தில் விரல் வைப்பது, இடுப்பில் கை வைப்பது, தோளைக் குலுக்குவது, தலை சாய்த்துச் சிரிப்பது. 'சிரி, சிரி' என்று மேடை ஓரத்தில் நின்று மிஸ் வாயசைத்துக்கொண்டே இருந்தார். பையன்களைச் சிரிக்கச் சொன்னதாக நினைவில்லை.

குழந்தைகளின் முகத்துக்கு அவர்களுடைய நிறத்தைவிட இரண்டு மடங்கு வெளுப்பாகப் பூசியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே பூச்சு எட்டவில்லை. கையும் காலும் கறுப்பாக, முகம் மட்டும் ரோஜா நிறத்தில். முன்வரிசையை உயரத்தை வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். முன்வரிசையில் நின்ற நால்வரில் இருவர் பின்வரிசைக் குழந்தைகளைவிட உயரம். நிறம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உடை வாடகை, மேக்கப், வளையல், பூ எல்லாம் சேர்த்து 650 ரூபாய் கேட்டார்கள். என் மகளின் பக்கத்து இருக்கைத் தோழியின் வீட்டில் அதைக் கட்ட முடியவில்லை. அவளைச் சீருடையிலேயே வரவேற்புப் பாட்டில் நிற்க வைத்தார்கள். ஒத்திகை நடந்த நாள்களில் ஜன்னல் வழியாகப் பார்த்தே அந்தப் பெண் முழு நடனத்தையும் கற்றுக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரைவிடவும் நன்றாக ஆடினாள் என்று என் மகளே சொன்னாள். பாட்டைப் பரதப் பதமாகவோ கும்மியாகவோ மாற்றியிருந்தால் இவற்றில் எது மாறியிருக்கும்? பூச்சும் வரிசையும் வாடகையும் சிரிப்பும் அப்படியேதான் இருந்திருக்கும். பரத உடை என்றால் வாடகை இன்னும் கூடுதல்.

கும்மியைச் சொல்லும்போது என்னுடைய ஆண்டு விழாவைச் சொல்ல வேண்டும். 1996. நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் உடை வாடகை எல்லாம் கிடையாது. வீட்டிலிருக்கும் பாவாடை தாவணிதான். தாவணி இல்லாதவர்கள் அக்காவுடையதையோ பக்கத்து வீட்டிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். கும்மிதான் ஆடினோம். பன்னிரண்டு பேர். எனக்குக் குரலும் உண்டு என்பதால் பாட்டை எடுத்துக்கொடுப்பவளும் நானே. குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்பி அடுத்தவள் கையில் தட்டும்போது பன்னிரண்டு கைகளின் ஓசையும் ஒன்றாக விழுந்தால் உடம்புக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடும். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. வட்டத்தில் எல்லோரும் உள்பக்கம் பார்த்துத்தான் ஆடுவோம்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். குடிசு கட்டித் தனியே உட்கார வைத்தார்கள். விழா அன்றாவது போய்விட்டு வருகிறேன் என்று அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆயாதான் சொன்னார்: "சமஞ்ச பொண்ணு நாலு பேரு பாக்க ஆடுனா அதுக்கு என்ன பேரு தெரியுமாடி?" அந்தப் பேரையும் சொன்னார். இங்கே அதை எழுத வேண்டியதில்லை. தமிழில் பெண்ணைத் திட்டுவதற்கு இருக்கும் முதல் சொல் அதுதான். அன்று சாயங்காலம் கூம்பு ஒலிபெருக்கியில் கும்மிப் பாட்டுக் கேட்டது. எடுத்துக்கொடுத்தது வேறு ஒரு குரல். இரண்டாவது கண்ணியில் தாளம் தப்பியது. எனக்குத் திருப்தியாக இருந்தது, அதற்காக வெட்கப்பட்டேன்.

பத்து நாள் கழித்து மஞ்சள் நீராட்டு. அத்தைமார்கள், சித்திமார்கள், தெருப்பெண்கள் எல்லோரும் என்னை நடுவில் உட்கார வைத்து, சுற்றி வந்து கும்மியடித்தார்கள். ஆயாவும் அடித்தார். எந்தக் காரணத்துக்காக எனக்குக் கும்மி மறுக்கப்பட்டதோ அதே காரணத்துக்காக என்னைச் சுற்றிக் கும்மி நடந்தது. நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் ஆடியதில்லை.

எங்கள் ஊரிலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் சிதம்பரம். ஆட்டத்தையே கடவுளாக வைத்திருக்கும் ஊர். அங்கே ஒரு நடனப் போட்டியின் கதை உண்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடினார்கள். இருவரும் சமமாகவே ஆடினார்கள். காளியை வெல்ல முடியாத சிவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடினார். காளி தயங்கினாள். பெண் சபை நடுவே காலை எப்படித் தூக்குவாள்? நாணத்தால் தலைகுனிந்தாள், தோற்றாள். நடராசர் கோயிலுக்குள் இருக்கும் நிருத்த சபையை அந்தப் போட்டி நடந்த இடமாகச் சொல்வார்கள். தில்லைக் காளியின் கோயில் ஊரின் வடக்கு எல்லையில் இருக்கிறது. தோற்றவள் எல்லைக்குப் போனாள் என்பது கதை. திருவாலங்காட்டிலும் இதே கதையைச் சொல்கிறார்கள்.

சிறுவயதில் இதை சிவனின் பெருமையாகத்தான் கேட்டேன். மகளின் நடனத்துக்குப் பிறகு வேறு மாதிரிக் கேட்கிறது. காளியால் காலைத் தூக்க முடியாது என்று கதை சொல்லவில்லை. தூக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்கிறது. போட்டியை முடிவு செய்தது ஆட்டத் திறமை இல்லை. ஒருவருக்கு உடம்பு ஆடுவதற்கான கருவியாக இருந்தது. இன்னொருத்திக்கு மறைப்பதற்கான பொருளாகவும் இருந்தது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்தவள் தோற்றாள். என் மகளும் அப்படித்தான் இரண்டு அடிகளைத் தவறவிட்டாள். காளிக்கு எந்த அம்மா சைகை காட்டினாளோ தெரியாது.

அதே கோயிலின் நான்கு கோபுர வாசல்களிலும் உள்ளே நிமிர்ந்து பாருங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்களைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கரணங்களை ஆடுபவர் சிவன். சிதம்பரத்தில் ஆடுபவர்கள் பெண்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலை அகட்டி, முதுகை வளைத்து, முழங்காலை மடித்து உயர்த்தி ஆடும் பெண்கள். சபைக்குள் காளியால் தூக்க முடியாத காலை வாசலில் கல் பெண்கள் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். கல்லாக இருப்பதால் யாரும் அவர்களை எதுவும் கேட்பதில்லை.

உயிரோடு ஆடிய பெண்களைக் கேட்டார்கள். என் ஆயா சொன்ன அந்தப் 'பேரு' அங்கிருந்துதான் வருகிறது. தேவரடியார் என்பது கல்வெட்டுகளில் மதிப்போடு வரும் சொல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் சுமார் 400 பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதை நான் பொற்காலமாகச் சொல்ல வரவில்லை. அரசன் ஆணையிட்டதும் ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். வர விருப்பமா என்று கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை. ஆனால் ஆடுபவளுக்குப் பெயர், வீடு, கூலி மூன்றும் உண்டு என்று அந்தக் கல் ஒத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் ஒவ்வொன்றாகப் போயின. அந்தச் சொல் வசவானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழக்கத்துக்குள் சுரண்டல் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயே இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்தின் உள்ளிருந்தே எழுந்து, 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். சிறுமிகள் பொட்டுக் கட்டப்படுவதைத் தடுக்க அவர்கள் நடத்திய போராட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே காலத்தில் சென்னையில் சங்கமாகக் கூடிய தேவதாசிகள், தங்கள் கலையையும் சொத்தையும் பறிக்காமல் கல்வி கொடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1947-இல் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் தடை செய்யவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையும் சட்ட விரோதமாக்கியது. சுரண்டிய மைனர்களின் பெயர் கெடவில்லை. ஆடியவர்களின் பெயர் கெட்டது.

இன்னொரு பக்கம் ஆட்டத்தைக் காப்பாற்றும் வேலையும் நடந்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் சதிரைக் கற்று, தானே பெண் வேடமிட்டு ஆடிக்காட்டினார். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் தெருக்கூத்திலும் திரௌபதியாக ஆடியது ஆண்கள்தான். ஆண் பெண்ணாக ஆடினால் அவனுக்குப் பெயர் கலைஞன். பெண் பெண்ணாக ஆடினால் அவளுக்கு என்ன பெயர் என்பதை ஆயா சொல்லிவிட்டார். சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-இல் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். உடை மாறியது, மேடை மாறியது, சிருங்காரம் அடக்கி வாசிக்கப்பட்டது. உயர்சாதிக் குடும்பப் பெண்கள் அவமானமின்றி ஆட வழி பிறந்தது. அது சிறிய சாதனை இல்லை. ஆனால் 'இது ஒழுக்கமானதுதான்' என்று காட்டிப் பெற்ற அனுமதி அது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த எந்தத் தேவையும் இல்லை, நாட்டியத்தின் உச்சமே அதுதான் என்று கடைசிவரை வாதாடினார். அவருடைய மேதைமையை உலகம் கொண்டாடியது. அவர் பிறந்த சமூகத்தின் பெரும்பாலான பெண்கள் பிழைப்புக்காகவும் மானத்துக்காகவும் தங்கள் மகள்களை ஆடவிடாமல் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் சைகை காட்டிய அம்மாக்கள்தான்.

1981-இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியது. மகா சிவராத்திரியை ஒட்டி எங்கெங்கிருந்தோ வரும் பெண்கள் கோயிலில் ஆடுகிறார்கள். மகிழ்ச்சியான காட்சிதான். பெண் கோயிலில் ஆடுவது குற்றம் என்று சட்டம் வந்து 34 ஆண்டில், பெண் கோயிலில் ஆடுவது பெருமையாகிவிட்டது. நடுவில் மாறியது ஆட்டம் மட்டுமில்லை, ஆடுகிறவர்கள் யார் என்பதும்தான். ஒழுக்கம் என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு கேள்வி இருக்கிறது: யார் வீட்டுப் பெண்?

ஆகவே பள்ளி நடனத்தை நாம் வேறு கேள்வியால் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆடியவளுக்கு என்ன கிடைத்தது? இது எளிய கேள்விதான். சினிமாப் பாட்டா, பரதமா, பறையா என்ற சண்டைக்குள் போகாமலே இதைக் கேட்கலாம். அவள் உடம்பில் ஒரு புதிய அசைவு சேர்ந்ததா, அல்லது இருந்த அசைவு ஒன்று குறைந்ததா? மேடையைக் கடந்து ஓட அவளுக்கு இடம் கொடுத்தார்களா? அவளுடைய நிறத்தோடு அவளை நிற்க வைத்தார்களா? பணம் கட்ட முடியாததால் விடுபட்டவள் யார்? எட்டாம் வகுப்புக்கு மேல் மேடையில் பெண்கள் குறைவது ஏன்? அந்த வயதில் அவர்கள் எங்கே போகிறார்கள்? இரட்டை அர்த்தப் பாட்டை எதிர்ப்பதற்கும் இந்தக் கேள்வியே போதும். அந்தப் பாட்டு ஆடும் குழந்தைக்கு எதையும் தராமல் பார்ப்பவர்களுக்கு மட்டும் தருகிறது என்பதே அதன் குற்றம். கால் தெரிவது குற்றமில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்க எழுதி வைத்திருக்கிறேன். எல்லோரும் வீட்டிலிருக்கும் உடையில் ஆடட்டும். முகப்பூச்சு வேண்டாம். உடைக்குள் அரைக்கால் சட்டை போட்டுவிட்டால் குழந்தை ஓடலாம், குதிக்கலாம், காலைத் தூக்கலாம். கீழே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சைகை காட்டும் வேலை மிச்சம். மூன்றாவதைச் சொல்லும்போது சிரிப்பார்கள் என்று தெரியும். காளிக்கு ஓர் அரைக்கால் சட்டை இருந்திருந்தால் தலபுராணம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். சொல்ல மாட்டேன்.

ஆண்டு விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக் கூடத்தில் அந்த நடனத்தை எனக்காக மறுபடி ஆடினாள். தோழியையும் கூட்டி வந்திருந்தாள். இருவரும் வீட்டுக் கவுனில் இருந்தார்கள். பாட்டை வாயாலேயே பாடிக்கொண்டார்கள். தோழி உண்மையிலேயே நன்றாக ஆடினாள். அந்தச் சுற்று வந்தது. இருவரும் சுற்றி நின்றார்கள். என் மகள் குனிந்து, இல்லாத பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து, தாளம் தப்பாமல் கீழே இழுத்துவிட்டுவிட்டு நிமிர்ந்தாள். தோழி ஒரு கணம் நின்று பார்த்தாள். அடுத்த முறை அந்த இடம் வந்தபோது அவளும் குனிந்து இழுத்துவிட்டாள். அது நடனத்தில் ஓர் அடவாகவே சேர்ந்துவிட்டிருந்தது.

அந்த அடவை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். "அந்த இடத்துல அது வேணாம் பாப்பா, அப்படியே சுத்திக்கிட்டுப் போ" என்றேன். "நீதானம்மா காட்டுன" என்றாள். ஆமாம், தப்பாகக் காட்டிவிட்டேன் என்றேன். நம்பாமல் பார்த்தாள். எழுந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டேன்.